வீட்டை இழுத்துக்கொண்டு வடக்கே

1954-இல் வெளிவந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற ஹாலிவுட் படத்தில், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று 36 அடி நீள டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தேனிலவுக்குக் கிளம்புகிறது. நடித்தவர்கள் லூசில் பாலும் டெசி அர்னாஸும். அப்போது நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவிதான். படத்து மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. போகிற ஊரிலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்கி வண்டிக்குள் வைத்துக்கொள்வாள். செங்குத்தான மலைப்பாதை வருகிறது. கனத்தைக் குறை, கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் கணவன். அவள் தூக்கிப் போடவில்லை, ஒளித்து வைக்கிறாள்.

சிரிப்பதற்காக மிகைப்படுத்தியதுதான். ஆனால் டிரெய்லர் வைத்திருக்கும் தம்பதிகள் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். டிரெய்லர் பயணத்தில் வரும் சண்டைகளில் பாதி எடையைப் பற்றியது. மீதிப் பாதி ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றியது.

படத்தில் வந்த 'நியூ மூன்' டிரெய்லரைச் செய்த ரெட்மேன் கம்பெனி, மிச்சிகன் மாநிலத்தின் ஆல்மா என்ற சிற்றூரில் இருந்தது. கார் செய்த மாநிலத்திலேயே காருக்குப் பின்னால் மாட்டும் வீட்டையும் செய்தார்கள். டெட்ராய்ட்காரர் ஆர்தர் ஷெர்மனின் கதை இன்னும் சுவையானது. அவர் நுண்ணுயிரியல் படித்தவர். 1920களின் கடைசியில் குடும்பத்தோடு முகாமிடப் போனார். சில நிமிடங்களில் விரிந்துவிடும் என்று விளம்பரம் செய்யப்பட்ட கூடார டிரெய்லரை வாங்கிப் போயிருந்தார். மழை வந்தது, கூடாரம் விரியவில்லை, எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள். திரும்பி வந்தவர், கெட்டிச் சுவரும் கூரையும் உள்ள ஒரு பெட்டியைச் சக்கரத்தின்மேல் கட்டச் செய்தார். பிள்ளைகள் அதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தார்கள். 1930-இல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதை வைத்ததும் ஆர்டர்கள் வரத் தொடங்கின. பத்து வருடத்துக்குள் அமெரிக்காவில் டிரெய்லர் செய்வோரில் ஷெர்மன் முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஒரு குடும்பம் மழையில் நனைந்ததில் பிறந்த தொழில் என்றே சொல்லலாம்.

ஆகவே உதாரணத்துக்கும் மிச்சிகனிலிருந்தே ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இவர்களைப் போலப் பலர் ஒவ்வொரு கோடையிலும் ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் போகிறார்கள். டெட்ராய்ட் புறநகரில் வீடு. பிள்ளைகள் தலையெடுத்துத் தனியே போய்விட்டார்கள். ஒரு பிக்கப் டிரக், 22 அடி டிரெய்லர், இரண்டு வார விடுப்பு. டிரெய்லருக்குள் ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை, சாப்பாட்டு மேசை. அந்த மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை.

கிளம்புமுன் கணக்குப் போட வேண்டும். டிரெய்லர் காலியாக 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டியில் 150 லிட்டர் நிரப்பினால் 150 கிலோ கூடும். கேஸ் சிலிண்டர்கள், பேட்டரி, மடக்கு நாற்காலிகள், வார்ப்பிரும்புச் சட்டி, மளிகை, நாய்க்குத் தீனி எல்லாம் சேர்ந்தால் 2,500-ஐத் தொட்டுவிடும். மொத்த எடையோடு விஷயம் முடியவில்லை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கம், டிரக்கில் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும். 2,500 கிலோ டிரெய்லருக்கு அது 250 முதல் 375 கிலோ. கனமான சாமானையெல்லாம் பின்புறம் அடைத்து முன்பாரம் குறைந்துவிட்டால், வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனாலே போதும், காற்று தள்ளி ஆட்டம் வலுக்கும்.

அந்த நேரத்தில் பதறி பிரேக்கை மிதிப்பதும் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் ஆபத்து. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னால் இருப்பது இழுபட்டு நேராகிவிடும். சொல்ல எளிது. டிரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதற்கானவை அல்ல என்பதையும் நினைவில் வைத்திருந்தால், இந்த நிலைமையே பெரும்பாலும் வராது. லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் எடைமேடை இருக்கும். சில டாலர் கொடுத்து ஏற்றிப் பார்த்துவிடலாம். அதைச் செய்யாமல் "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

எங்கே தங்குவது? அமெரிக்கப் பூங்கா என்றால் நமக்கு உடனே யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் போன்ற தேசியப் பூங்காக்கள்தான் நினைவுக்கு வரும். டிரெய்லர்காரர்களுக்கு அவற்றைவிட அந்தந்த மாநில அரசு நடத்தும் மாநிலப் பூங்காக்களே தோது. மிச்சிகனின் 'பிக்சர்டு ராக்ஸ்' மத்திய அரசின் கையில் இருக்கிறது. பாறைச் சரிவுகள் அழகோ அழகு, ஆனால் அங்குள்ள சின்ன முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. மாநிலப் பூங்கா முகாம்களில் பெரும்பாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின்கம்பம், பக்கத்தில் பொதுக் குழாய், வெந்நீர் வரும் குளியலறைக் கட்டடம், கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய ஓர் இடம் எல்லாம் உண்டு. தனியார் முகாம்களில் வசதி இதைவிடக் கூடுதல்தான். ஆனால் அங்கே பக்கத்து டிரெய்லர்காரர் தும்மினால் நம் ஜன்னல் அதிரும். மாநிலப் பூங்காவில் இடையில் மரமாவது இருக்கும்.

மிச்சிகனில் இப்படிப்பட்ட பூங்காக்கள் 100-க்கும் மேல். முதலாவது மெக்கினா தீவில் அமைந்தது. அது 1875-இல் யெல்லோஸ்டோனுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது தேசியப் பூங்காவாகி, 1895-இல் மாநிலத்தின் கைக்கு வந்தது. கார் நுழைய முடியாத தீவு அது. 1898-இல் போட்ட தடை இன்றும் தொடர்கிறது. குதிரை வண்டி, சைக்கிள், நடை, அவ்வளவுதான். டிரெய்லர்காரர்கள் வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகேற வேண்டும். 1917-இல் வந்த இன்டர்லாக்கன் பூங்காவுக்கு வேறு காரணம். மரவியாபாரிகள் மாநிலத்தின் பைன் காடுகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில், வெட்டப்படாமல் மிஞ்சிய ஒரு துண்டையாவது காப்பாற்றலாம் என்று சட்டசபை எடுத்த முடிவு அது.

இந்தப் பூங்காக்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்பது ரசிக்கத்தக்க ஏற்பாடு. 2010 முதல், மிச்சிகன்காரர்கள் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும்போதே படிவத்தில் 'ஆம்' என்று ஒரு குறி போட்டு ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டினால் போதும். அந்த வருடம் முழுக்க எந்த மாநிலப் பூங்காவுக்குள்ளும் அந்த வண்டி போகலாம். தொடங்கியபோது அந்தத் தொகை 10 டாலர். முகாமிட்டுத் தங்கத் தனிக் கட்டணம் உண்டு. வாசலில் ஆள் நின்று வசூலிப்பதைவிட இது எவ்வளவோ நாகரிகம்.

நம் தம்பதியின் முதல் நிறுத்தம் பெட்டாஸ்கி மாநிலப் பூங்கா. மிச்சிகன் ஏரிக்கரை. இங்கே கரையில் நடப்பவர்கள் எல்லோரும் குனிந்தே நடக்கிறார்கள், பெட்டாஸ்கி கல்லைத் தேடிக்கொண்டு. சுமார் 35 கோடி வருடங்களுக்கு முன் இந்த நிலத்தை மூடியிருந்த வெப்பக் கடலில் வாழ்ந்த பவளம் கல்லாக இறுகியது அது. 1965 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கல். காய்ந்து கிடந்தால் வெறும் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். தண்ணீர் பட்டதும் அறுகோணக் கட்டங்களும் அவற்றின் நடுவே கரும்புள்ளிகளும் தெரியும். அதனால்தான் தேடுபவர்கள் கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் புட்டி.

எவ்வளவு பொறுக்கலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. மாநில நிலத்திலிருந்து ஒருவர் ஒரு வருடத்துக்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல் கல் எடுக்கக் கூடாது. 2015-இல் ஒருவர் ஏரித் தண்ணீரிலிருந்து 93 பவுண்டு எடையுள்ள பெட்டாஸ்கி கல் ஒன்றைத் தூக்கி வந்தார். செய்தி பரவியதும் இயற்கை வளத்துறை வந்து அதைப் பறிமுதல் செய்தது. லூசில் பால் பாத்திரத்துக்கு மிச்சிகன் சட்டம் நன்றாகவே பொருந்தியிருக்கும். நம் தம்பதியில் மனைவி இரண்டு கைப்பிடி கல்லோடு நிறுத்திக்கொள்கிறார். "ஹிட்ச் கணக்கில் சேர்க்க வேண்டுமா?" என்று கணவர் கேட்கிறார். பதில் இல்லை.

கல்லுக்கு வரம்பு என்றால், விறகுக்குத் தடை என்றே சொல்லலாம். வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகை டிரெய்லரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது ஒரு காலத்தில் சகஜம். 2002-இல் டெட்ராய்ட் பகுதியில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. எமரால்டு ஆஷ் போரர் என்று பெயர். அதன் புழுக்கள் ஆஷ் மரத்தின் பட்டைக்கடியில் குடைந்து, மரம் நீர் இழுக்கும் வழியை அறுத்துவிடும். மிச்சிகனில் மட்டும் கோடிக்கணக்கான மரங்கள் செத்தன. வண்டு தானாகப் பறக்கும் தூரம் குறைவு. முகாமிடப் போகிறவர்களின் விறகுக்கட்டில் ஒளிந்து நெடுஞ்சாலை வழியே அது போன தூரம்தான் அதிகம். அன்றிலிருந்து எங்கே எரிக்கிறாயோ அங்கேயே விறகு வாங்கு என்பது முகாம்களின் முதல் பாடம். டிரெய்லருக்கும் 50 கிலோ மிச்சம்.

பெட்டாஸ்கியிலிருந்து வடக்கே போனால் சாலை தண்ணீரில் முடிகிறது. மிச்சிகன் மாநிலம் இரண்டு துண்டு. தெற்குத் துண்டையும் வடக்குத் துண்டையும் மெக்கினா நீரிணை பிரிக்கிறது. 1957 நவம்பர் 1-ஆம் தேதி பாலம் திறக்கும்வரை கார்களைப் படகில் ஏற்றித்தான் கடந்தார்கள். மான் வேட்டைக் காலத்தில் படகுக்காக மைல் கணக்கில் வரிசை நிற்குமாம். இப்போது 8 கிலோமீட்டர் தொங்குபாலம், நடுவில் சாலை தண்ணீருக்கு ஏறத்தாழ 200 அடி உயரத்தில். உள்தடம் இரும்புக் கம்பிச் சட்டம், அதன் ஓட்டைகள் வழியே கீழே ஏரி தெரியும். வெளித்தடம் தார் போட்டது, ஆனால் கைப்பிடிக்குப் பக்கம், அங்கே பக்கவாட்டில் ஏரி தெரியும். எதில் போனாலும் பயம் பயம்தான். டிரெய்லர் போன்ற உயரமான வண்டிகளுக்குக் காற்று பெரிய எதிரி. காற்று வலுத்தால் பாலத்து ஆட்கள் இந்த வண்டிகளை நிறுத்தி, மணிக்கு 20 மைல் வேகத்தில் துணை வண்டியோடு அனுப்புவார்கள். இன்னும் வலுத்தால் பாலத்தையே மூடிவிடுவார்கள். ஓட்டவே நடுங்குபவர்களின் வண்டியைப் பாலத்து ஊழியர் ஏறி ஓட்டிக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பலர் கேட்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டினால் வேறு உலகம். வடக்கே இருப்பவர்கள் தங்களை 'யூப்பர்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். தெற்கே இருப்பவர்கள் பாலத்துக்குக் கீழே வசிப்பதால் அவர்களுக்கு 'டிரோல்' என்று பெயர், கதைகளில் பாலத்தடியில் வாழும் பூதம். செப்பு, இரும்புச் சுரங்கங்களுக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த தொழிலாளர்கள் விட்டுப்போன 'பாஸ்டி' சாலையோரமெல்லாம் கிடைக்கும். மாவுக்குள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருடபேகா கிழங்கு வைத்துச் சுட்டது. டிரெய்லரில் அடுப்பு இருந்தும் இரண்டு மூன்று இரவு சமைக்காமல் தப்பிக்க இது உதவும்.

டாக்வாமெனான் அருவிப் பூங்காவில் அவர்கள் நான்கு மணிக்குப் போய்ச் சேர்கிறார்கள். இனிமேல்தான் நாடகம்.

ஒதுக்கப்பட்ட இடம் ஒரு சந்து. இரண்டு பக்கமும் மரம், ஒரு மின்கம்பம், ஒரு கல் அடுப்பு. டிரெய்லரை ரிவர்ஸில் உள்ளே விட வேண்டும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். மூளை இதை ஒத்துக்கொள்ள மறுக்கும். அனுபவசாலிகள் ஒரு வழி சொல்வார்கள். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வைத்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. ஆனால் ஓட்டுபவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இறங்கி நின்று கை காட்டுபவரை நம்பித்தான் எல்லாம்.

"இடது... இடது..."

"யாருக்கு இடது? எனக்கா, உனக்கா?"

"டிரெய்லருக்கு!"

"டிரெய்லர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?"

சுற்றியுள்ள முகாம்களில் நாற்காலிகள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பும். யாரும் நேரடியாகப் பார்க்க மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். சாயந்திரப் பொழுதுபோக்கு இது. இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு எளிது. இடம், வலம் என்ற சொற்களையே விட்டுவிட்டு 'ஓட்டுபவர் பக்கம்', 'எதிர்ப்பக்கம்' என்று பேச வேண்டும். கை காட்டுபவர் எப்போதும் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும், அவர் தெரியவில்லையென்றால் வண்டி நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஓட்டுபவரே இறங்கிப் பார்க்க வேண்டும். யார் ஓட்டுவது, யார் கை காட்டுவது என்பதில் ஆண் பெண் கணக்கு வேண்டாம். பல ஜோடிகளில் மனைவி ஓட்டினால் காரியம் பாதி நேரத்தில் முடிகிறது. கணவர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

நிறுத்தியதும் வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை உண்டு. முதலில் பக்கவாட்டில் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுக்க வேண்டும். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹிட்சைக் கழற்றலாம். கட்டை கொடுக்காமல் கழற்றினால் டிரெய்லர் தன் வழியில் போய்விடும். கடைசியாக முன்பக்க ஜாக்கியைச் சுழற்றி நெடுக்குவாட்டில் மட்டம். கேஸில் ஓடும் பழையவகை ஃபிரிட்ஜ்கள் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது என்பதால், மட்டம் பார்ப்பது தூக்கத்துக்காக மட்டுமல்ல. மின் இணைப்பு பெரும்பாலும் 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் பொத்தென்று எல்லாம் அணைந்துவிடும். யார் போட்டது என்ற விசாரணை தனி.

மறுநாள் காலை அருவி. மேல் அருவி ஏறத்தாழ 200 அடி அகலம், 50 அடி உயரம். தண்ணீர் டிகாஷன் நிறம். அழுக்கு அல்ல, மேலே சிடார், ஹெம்லாக் மரங்கள் நிற்கும் சதுப்புகளிலிருந்து ஊறி வரும் டானின். விழும் இடத்தில் நுரை பொங்கி நிற்கும்.

அங்கிருந்து தென்மேற்கே இந்தியன் லேக் மாநிலப் பூங்காவில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, பக்கத்திலுள்ள பாம்ஸ் புக் பூங்காவுக்கு டிரக்கில் போகலாம். அங்கே முகாமிட அனுமதி இல்லை. இருப்பது ஒரே ஒரு ஊற்று, கிட்ச்-இட்டி-கிப்பி. 200 அடி அகலம், 40 அடி ஆழம். நிமிடத்துக்கு 10,000 காலனுக்கு மேல், சுமார் 38,000 லிட்டர், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளிலிருந்து பீறிடுகிறது. கோடையானாலும் பனிக்காலமானாலும் 7 டிகிரி செல்சியஸ், உறைவதே இல்லை. கம்பிவடத்தில் ஓடும் ஒரு மிதவையின் சக்கரத்தைப் பயணிகளே கையால் சுற்றி நடுவே போக வேண்டும். அடியில் மணல் கொதிப்பதும், பெரிய டிரவுட் மீன்கள் அந்தரத்தில் நிற்பதும் தெளிவாகத் தெரியும். 1926-இல் 90 ஏக்கரோடு இந்த ஊற்று மாநிலத்துக்கு 10 டாலருக்குக் கைமாறியது. இரண்டு வாரப் பயணத்தில் ஒரே ஒரு இடம் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஃபாயெட். 1867 முதல் 1891 வரை மரக்கரி எரித்து இரும்பு உருக்கிய ஊர் அது. சுற்றிலும் மரம் தீர்ந்து, உலை அணைந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். ஊர் அப்படியே நின்றுவிட்டது. உலைகளும் கட்டடங்களும் சுண்ணாம்புக்கல் பாறைக்குக் கீழே துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. இப்போது அதுவும் மாநிலப் பூங்கா.

இதையெல்லாம் ஒழுங்காக நடத்துவதில் சம்பளமில்லாத ஒரு கூட்டத்துக்கும் பங்குண்டு. முகாம் விருந்தோம்பிகள் என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஜோடிகள். வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்தால் தங்க இடம் இலவசம். புதிதாக வருபவர்களுக்கு வழி காட்டுவது, பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவது, இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடுபவர்களிடம் போய்ப் பேசுவது எல்லாம் அவர்கள் பாடு.

கிளம்பும் நாளில் கடைசி வேலை கழிவுத் தொட்டியைக் காலி செய்வது. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியை அடுத்து. இரண்டாவது தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். ஞாயிறு மதியம் இதற்கு நீண்ட வரிசை நிற்கும். இந்த வேலையை யார் செய்வது என்று கிளம்புமுன்பே பேசி முடித்துவிடும் ஜோடிகள் புத்திசாலிகள்.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிரெய்லரை உடனே வாங்க வேண்டாம், ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ரிவர்ஸை ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு பெரிய பார்க்கிங்கில் பழகுங்கள். மிச்சிகன் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும். ஏரிக்கரை இடங்கள் உடனே போய்விடும். ஜூனில் வடக்கே கொசுவும் கருப்பு ஈயும் பிய்த்தெடுக்கும். பள்ளிகள் திறந்த பிறகு செப்டம்பரில் போனால் கூட்டமும் குறைவு, பூச்சியும் குறைவு, மாதக் கடைசியில் மேப்பிள் இலைகளும் சிவக்கத் தொடங்கியிருக்கும்.